குருவம்மாள் நட்ட ஓடைக்கரைக் கம்பம்

அடி குருவி,

உன்னை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ரேஷன் கார்டில் நீ குருவம்மாள். தெருவில் பாண்டியம்மா. எனக்குக் குருவி.

நேற்று உன் மகன் பாண்டி வந்து கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கம் அச்சடிக்கப் போகிறானாம். "சின்னம்மா, எங்கம்மா வீட்டுல எப்படின்னு நான் எழுதிருவேன். வேலைக்காட்டுல எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். மனசுல உள்ளதை எழுதுங்க. எழுத்துப் பிழையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான். மனசில் உள்ளதை எழுது என்று சொல்லிவிட்டான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் உன்னை விட்டுவிட்டு, வரப்போகிறவர்களிடம் பேசுகிறேன். கடைசியில் உன்னிடம் வருகிறேன்.

அவள் போன செய்தி எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கீழக்குயில்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துவைத்த சேலைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவசரம். தூக்குவாளியில் கஞ்சியும், இலைத் துண்டில் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாள் சாயந்திரம் அவள்தான் வாய் திறந்து கேட்டிருந்தாள். பாண்டி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்தான். கொடியில் கிடந்த ஈரச் சேலையைக் கையால் விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். "கஞ்சி வேணாம் சின்னம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தச் சேலை காய்ந்த பிறகும் இரண்டு நாள் கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடிக்க எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் கேங்கில் இருந்தவர்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே, எழுமலை, பேரையூர்ப் பக்கம் கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கொடுக்க லைன் இழுத்த காலத்தில் ஒன்றாகக் குழி வெட்டியவர்கள். உங்களுக்குக் குருவம்மாள் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஓடைக்கரைக் கம்பம் சாய்ந்ததுதான். குழியில் சரளையைப் போட்டுக் கம்பத்தைச் சாய்த்தவள் என்று பேசினீர்கள். சரளைக்காரி என்று பேர் வைத்தீர்கள். அந்தக் கம்பம் குருவியால் சாயவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த நோட்டை எடுத்தேன். யாரால் சாய்ந்தது என்பதையும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கேங்கில் இல்லாதவர்களுக்காக வேலையைச் சொல்ல வேண்டும். லைன் நேராகப் போகிற இடத்தில் கம்பம் தானாக நின்றுகொள்ளும். லைன் திரும்புகிற இடத்தில் கம்பிகள் எல்லாம் சேர்ந்து கம்பத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அது சாயாமல் இருக்க, எதிர்ப்பக்கம் ஒரு கம்பியைக் கட்டிச் சாய்வாகத் தரையில் இறக்குவார்கள். அதுதான் ஸ்டே கம்பி. அதன் அடியில் ஒரு இரும்புத் தடி. தடியின் நுனியில் கனத்த தகடு. அந்தத் தகட்டை அஞ்சடி ஆழத்தில் புதைத்து மூடிவிடுவோம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது தகடு. தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது மண். அந்தக் குழி வெட்டுவதுதான் குருவியும் நானும் ஜோடியாகச் செய்த வேலை.

குழியைக் குறுகலாக வெட்ட வேண்டும். ஆம்பிளைகள் இறங்கினால் தோள் இடிக்கும். குருவிக்கு இடிக்காது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குட்டைக் கடப்பாரையோடு இறங்கிவிடுவாள். நான் மேலே நின்று கூடையில் மண்ணை இழுப்பேன். அவள் தலை தரைக்குக் கீழே போன பிறகும் பேச்சு மேலே வந்துகொண்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம், "ஒச்சு, இருக்கியா?" என்பாள். ஒச்சம்மாள் என்ற என் பேரை அவள் ஒருத்திதான் அப்படிச் சுருக்கினாள். "இருக்கேண்டி" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடப்பாரையை நிறுத்திவிடுவாள்.

எங்கள் கேங்கில் வாயாடி மாயன் அண்ணன். அவர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் குழிக்கு மேலே குனிந்து, "ஏத்தா குருவம்மா, அவ என்ன உன்னைய விட்டுட்டு பம்பாய்க்கா போயிறப் போறா? அம்புட்டு தடவ கேக்குற?" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது: "போக மாட்டாண்ணே. சத்தம் வரலைன்னா, எங்க உங்க மூஞ்சியப் பாத்து மயங்கி விழுந்துட்டாளோன்னு ஒரு பயம்."

அன்று சாயந்திரம் வரை யாரும் மாயன் அண்ணனை விடவில்லை.

குழியை மூடித் திமிசுக்கட்டையால் இடித்து முடித்ததும் எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தடியில் வடத்தைக் கட்டுவார்கள். தரை மட்டத்தில் சோலை மேஸ்திரி தடியின்மேல் சுண்ணாம்புக் கோடு போடுவார். எட்டு ஆம்பிளைகள் வடத்தைப் பிடித்து, "ஐலசா" சொல்லி, ஒரே வெட்டில் இழுப்பார்கள். கோடு மேலே வராவிட்டால் குழி பாஸ். சரளை மண்ணில் சில சமயம் லேசாக அசையும். ஈரக் கரிசலில் அசையவே அசையாது. இழுத்தவர்கள்தான் மல்லாக்க விழுந்து எழுந்திருப்பார்கள். "கரிசல் பிடிச்சா விடாதப்பா" என்று மேஸ்திரி சந்தோஷமாகத் தலையை ஆட்டுவார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம். வருஷக்கணக்காக அப்படித்தான் இழுத்துப் பார்த்தோம்.

ஒரு நாள் பேரையூர்ப் பாதையில், முந்தின நாள் மழை பெய்திருந்த பருத்திக்காட்டைக் கடக்கும்போது என் கால் முழங்கால் வரைக்கும் கரிசலில் இறங்கிவிட்டது. வெடுக்கென்று இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். செருப்பு அறுந்ததுதான் மிச்சம். குருவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, மல்லுக்கட்டாத. நீ வெடுக்குனு இழுக்க இழுக்க அது உறிஞ்சிப் பிடிக்கும். சும்மா நின்னு குதிகாலை லேசாத் தூக்கிக்கிட்டே இரு. அடியில தண்ணி போகட்டும்."

அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலுக்கு அடியில் சில்லென்று தண்ணீர் நுழைவது தெரிந்தது. கால் தானாக வெளியே வந்தது. நான் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கால் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒச்சு, மேஸ்திரி வெடுக்குனுல்ல இழுத்துப் பாக்குறாரு. லைன் கம்பி அப்படியா இழுக்கும்? அது ராப்பகலா மெல்ல மெல்லல்ல இழுத்துக்கிட்டு இருக்கும்?"

எனக்கு அப்போது செருப்புதான் கவலை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் தூக்குவாளி மூடியையும் என் தூக்குவாளி மூடியையும் எடுத்து ஆணியால் நடுவில் ஓட்டை போட்டாள். நான் கத்தினேன். கேட்கவில்லை. சணல் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு, ஈரக் கரிசலில் ஒரு சாண் ஆழத்தில் இரண்டையும் தள்ளித் தள்ளிப் புதைத்து, மேலே ஏறி மிதித்தாள்.

"மாயண்ணே, வாங்க. இதைப் பிடிச்சு ஒரே வெட்டுல இழுங்க."

மாயன் அண்ணன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு இழுத்தார். கயிறு அறுந்தது. மூடி வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். குருவி இன்னொரு மூடியின் கயிற்றை வேலிக்கருவைக் கிளைமேல் போட்டு, மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். பெரிய கல் இல்லை. மாயன் அண்ணன் இழுத்த பலத்தில் கால்வாசிகூட இருக்காது. மூடி புதைந்திருந்த இடத்தில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். "இனி எல்லாரும் போயி வேலையப் பாருங்க" என்றாள்.

வேலை முடிந்து வந்து பார்த்தோம். கல் தரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடி மண்ணை விட்டு வெளியே வந்து கிடந்தது.

"என்னத்தா இது, உன் கல்லு என்னைய விடப் பலசாலியா?" என்றார் மாயன் அண்ணன்.

"பலம் எல்லாம் இல்லண்ணே. அது விடல, அம்புட்டுதான். வெடுக்குனு இழுத்தா மண்ணு தாங்கிரும். விடாம இழுத்தா தண்ணி கோத்த மண்ணு தாங்காது."

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு என்னத்தா செய்யச் சொல்ற?" என்றார்.

"தகட்டுக்கிட்ட தண்ணி நிக்கக் கூடாது மேஸ்திரி. வெட்டுன கரிசலையே அள்ளிப் போட்டு மூட வேணாம். சரளையப் போட்டு இடிப்போம். பள்ளம் இருக்க பக்கமாப் பாத்து, குழி அடியிலருந்து ஒரு வாய் வெட்டி, அதுலயும் சரளையப் போட்டு விட்ருவோம். வந்த தண்ணி அந்த வழியா ஓடிப் போயிரும்." அப்புறம் விரலை நீட்டிச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. வாய் இல்லாம சரளை மட்டும் போட்டீங்க, அது குடம். சுத்துல உள்ள தண்ணியெல்லாம் அதுக்குள்ள வந்து உக்காந்துக்கிரும். அதுக்கு சும்மா கரிசலையே போட்டு மூடிறலாம்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஓட்டை விழுந்த மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது.

மேஸ்திரி மேலிடத்தில் கேட்கவில்லை. கேட்டால் நடக்காது என்று அவருக்குத் தெரியும். பள்ளம் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து, மூன்று இடத்தில் குருவி சொன்னபடி செய்யவிட்டார். மூன்றும் இன்றைக்கும் நிற்கின்றன. எழுமலை பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கலாம். நாலாவதுதான் ஓடைக்கரைக் கம்பம்.

அது ஆவணி மாசம். லைன் அங்கே ஓடையை ஒட்டித் திரும்புகிறது. குருவி இறங்கிக் குழியை வெட்டினாள். தகட்டை வைத்தோம். சரளை போட்டு இடித்தோம். வடம் கட்டி இழுத்தார்கள், கோடு அசையவில்லை. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான். ஓடைப் பள்ளத்திலிருந்து குழியின் அடி வரைக்கும் பத்தடி நீளம், ஆள் ஒருக்களித்து நின்று வெட்டுகிற அகலம். அதற்குள் அடுத்த கம்பத்துக்குக் குருவியை மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார்.

"ஒச்சு, வாயை நீ வெட்டிரு. ஓடைப் பக்கமிருந்து வெட்டிக்கிட்டே போ. குழிச் சரளை கண்ணுல படுற வரைக்கும் விட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று உசிலம்பட்டியில் என் அக்கா மகளுக்குச் சடங்கு. சித்தி நான் போய் முன்னால் நிற்க வேண்டும். நாலு மணி பஸ்ஸை விட்டால் அப்புறம் விளக்கு வைத்த பிறகுதான் பஸ். புதுச் சேலையை மஞ்சள் பையில் கையோடு கொண்டுவந்திருந்தேன். வெட்ட ஆரம்பித்தேன். மூன்றடி போனதும் சுண்ணாம்புப் பாறை மாதிரி கெட்டி மண் தட்டியது. கடப்பாரை எகிறியது. அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. சூரியனைப் பார்த்தேன். பையைப் பார்த்தேன். வெட்டின மூன்றடிக்கும் சரளையை அள்ளித் திணித்தேன். ஓடையிலிருந்து பார்த்தால் முழுசாக வெட்டின வாய் மாதிரியே இருந்தது. மேலே மண்ணைப் போட்டு மூடினேன். ஓடைத் தண்ணீரில் கை கால் கழுவினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் குருவி கேட்டாள்: "வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேண்டி."

"கெட்டி மண்ணு கெடந்துச்சோ?"

"கெடந்துச்சு."

அந்த வாரமே வந்து மிச்சத்தை வெட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் கேங்கை வேறு ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையிலும் விடவில்லை. ஓட்டில் மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஆனால் கம்பம் மழையில் விழவில்லை. மழை நின்று, மார்கழி போய், எல்லோரும் மறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருக்கிறது. தை மாசம் சோளத்தட்டை ஏற்றிவந்த வண்டியின் உச்சியில், தாழ்ந்து தொங்கிய கம்பி உரசிவிட்டது. தட்டை குப்பென்று பற்றிக்கொண்டது. வண்டிக்காரர் குதித்து மாட்டை அவிழ்த்துவிட்டுத் தப்பித்தார். கையில் தீக்காயம். வண்டி மிஞ்சவில்லை.

என்ஜினியர் ஜீப்பில் வந்தார். எங்களை எல்லாம் வரச்சொல்லி, குழியைத் திறக்கச் சொன்னார். மேல் மண்ணை எடுத்ததும் சரளை. சரளைக்குள் தண்ணீர். கிணறு மாதிரி நின்றது. அஞ்சடியில் வைத்த தகடு இரண்டடிக்கு வந்திருந்தது.

"யாரு இதுல சரளை போடச் சொன்னது?" என்று கேட்டார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

குருவி கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள். மழையில் கரை கொஞ்சம் சரிந்து, வாயை மண் மூடியிருந்தது. கையால் அதை விலக்கினாள். நான் திணித்த சரளையைப் பறித்து வெளியே போட்டாள். கடப்பாரையை உள்ளே விட்டுக் குத்தினாள். ணங்கென்று நின்றது. இன்னொரு தரம் குத்தினாள். அப்புறம் குத்தவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் மேலே கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் மேலே வந்தாள். என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார் போட்டேன். மேஸ்திரிக்குத் தெரியாது."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கல சார். எம் புத்தியில பட்டுச்சு."

"இனிமே புத்தியை வீட்டுல வச்சுட்டு வேலைக்கு வா."

"சரிங்க சார்."

அப்படிச் சொன்னவர், மறுநாளே அவள் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

கேங்கில் இருந்தவர்களே, நீங்கள் எல்லோரும் அங்கே நின்றீர்கள். சரளையால் கம்பம் சாய்ந்தது என்று பார்த்தீர்கள். அது வாயில்லாத சரளை. வாய் வெட்டாதவள் நான். அவள் சொன்னதில் தப்பே இல்லை. வாய் இல்லாவிட்டால் இப்படித்தான் நடக்கும் என்றுகூட முன்னாலேயே சொல்லியிருந்தாள். மாயன் அண்ணே, சரளைக்காரி என்று பேர் வைத்தவர் நீங்கள். அந்தப் பேர் என்னுடையது. என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு அவள் களையெடுப்புக்கும் பருத்தி எடுக்கவும் போனாள். நான் கேங்கிலேயே இரண்டு வருஷம் இருந்தேன். எனக்கு வேறு ஜோடி வந்தது. நல்ல பிள்ளைதான். ஆனால் குழிக்குள் இறங்கினால் பேசாது. நான் மேலே நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, "இருக்கேன்" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எழுமலைச் சந்தையில் ஒரு தடவை அவளைப் பார்த்தபோது மாயன் அண்ணனும் என்னுடன் இருந்தார். "என்ன சரளைக்காரி, சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம்ணே. உங்க வாய்க்குத்தான் ரெண்டு கூடை சரளை தேவைப்படும் போல" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நாங்கள் கீழக்குயில்குடிக்குக் குடிவந்தோம். மலையடியில் வீடு, ஆனால் வீட்டுக்குப் பின்னால் களிமண். கொடிக்கம்பியை இழுத்துக் கட்டுகிற கம்பம் ஒவ்வொரு மழைக்கும் உள்பக்கமாகச் சாய்ந்து சேலையெல்லாம் தரையைத் தொடும். என் வீட்டுக்காரர் மூன்று தரம் நட்டுப் பார்த்தார். ஆட்டிப் பார்ப்பார், அசையாது. அடுத்த மழையில் சாயும். அய்யனார் கோயில் பொங்கலுக்குக் குருவி வந்திருந்தாள். கை கழுவப் பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"கடப்பாரை எங்கடி வச்சிருக்க?"

"விருந்துக்கு வந்தவ பேசாம வந்து உக்காரு. பொங்கல் ஆறுது."

"ஆறட்டும். ஆறுன பொங்கல்தான் எனக்குப் பிடிக்கும்."

நல்ல சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தோண்ட ஆரம்பித்துவிட்டாள். நான் வழக்கம்போலக் கூடையை எடுத்தேன். பழைய மாதிரியே இருந்தது. அப்போது அவள் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீ போயி சரளை அள்ளிட்டு வா ஒச்சு. வாயை நானே வெட்டிக்கிறேன்."

கூடை என் கையில் அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை. பக்கத்து வாய்க்கால் வரைக்கும் வெட்டினாள். நான் தெருமுனையிலிருந்து சரளை அள்ளிக்கொண்டு வரும்போது, முழங்கால் ஆழக் குழியில் நின்றுகொண்டு, "ஒச்சு, இருக்கியா?" என்று கத்தினாள். அந்தக் குழியில் அவள் தலை மட்டுமல்ல, இடுப்புகூட மறையவில்லை. "இருக்கேண்டி" என்று சொல்லிவிட்டு, சரளைத் தூசி கண்ணில் விழுந்த மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பொங்கல் ஆறிவிட்டது, பசி, பிள்ளைகள் கூட்டம். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலை முற்றிக் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடியபடியே, "ஒச்சு, இருக்கியா?" என்றாள். "இருக்கேண்டி" என்றேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் குருவி" என்று ஆரம்பித்தேன். பார்க்க வந்தவர்கள் வெளியே போகும்படி மணி அடித்துவிட்டார்கள். "நாளைக்கு வாடி, பேசுவம். வாரப்ப கஞ்சி கொண்டா. நார்த்தங்காயும்" என்றாள். "வாரேன்" என்றேன். அவள் என்னிடம் கேட்டது அதுதான் கடைசி.

செய்தி வந்த அன்று நான் அழவில்லை. நல்ல மனத்திடம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அது வெடுக்கென்று இழுத்தது, தாங்கிவிட்டேன். இப்போதுதான் மெல்ல மெல்ல இழுக்கிறது. சேலை மடிக்கும்போது, ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போது, பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருக்கும்போது.

அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கொடிக்கம்பம் ஒன்றுதான். முந்தாநாள் சாயந்திரம் மழை பெய்தது. விட்டதும் வாய்க்கால் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவள் வெட்டின வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தைப் பிடித்து நான் இழுத்துப் பார்க்கவில்லை. அது நிற்கும்.

குருவி, பாண்டிக்கும் கேங்குக்கும் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். அவர்கள் என்னைத் திட்டட்டும். நீ ஒன்று மட்டும் சொல்லு. அன்னைக்கு ஓடைக்குள்ள உக்காந்து கடப்பாரைய உள்ள விட்டுக் குத்துனியே, ணங்குனு நின்னுச்சே, அப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சா? தெரிஞ்சுதான், இம்புட்டு வருஷமும் என்னைப் பாத்து இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டு இருந்தியா?